மிளகாய்க்குத் தனி மெஷின்

இதை எழுத வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மணி என் நண்பன். கடைக்கு ஆள் வராத நேரத்தில் அவனுக்கு ஒரு சின்னப் பத்திரிகை போடும் வியாதி உண்டு. “ஒனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளப் பத்தி எழுதுடா. பேரு வேணாம். படிச்சா ஆளு கண்ணுக்குத் தெரியணும், அம்மாந்தான்” என்று மூன்று மாதமாகப் போனில் நச்சரிப்பு. நான் பத்தாவதில் இங்கிலீஷும் கணக்கும் ஊற்றிக்கொண்டவன். தமிழில் பாஸ். அந்த ஒரு பாஸை வைத்துக்கொண்டு என்னை எழுத்தாளன் ஆக்கப் பார்க்கிறான்.

தெரிந்த ஆள் என்று யோசித்தால் மில்லக்காதான் வந்து நிற்கிறாள். அவளை நினைத்தால் எனக்குப் பாசம் பொங்காது, எரிச்சல்தான் பொங்கும். அவள் ஒன்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றி வந்த ஒரு விஷயம் கெட்டுப்போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதைத் தொடாமல் அவளைப் பற்றி எழுத முடியாது. வேண்டாம் என்று நினைத்ததற்கு அதுதான் காரணம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வயசில் பெரியவளை ‘சொன்னார், வந்தார்’ என்று எழுதுவதுதான் மரியாதை என்று மணி திருத்துவான். திருத்த வேண்டாம். மரியாதை கொடுத்து ஒருமுறை பட்டுவிட்டேன்.

நான் அப்போது குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் வெள்ளிமலைக்குப் போய் சாமை, தினை, கேழ்வரகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் இறக்குவேன். பாதி லோடு மில்லக்காவின் மாவு மில்லுக்குப் போகும். கருணாபுரத்துக்குத் திரும்பும் ரோட்டோரத்தில் தகரக் கூரை போட்ட மில். உள்ளே மூன்று மெஷின். சாமை, தினைக்கு உமி நீக்க ஒன்று, மாவுக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று. அக்காவுக்கு ஐம்பது வயசு இருக்கும். புருவத்தில் எப்போதும் மாவு படிந்திருக்கும். வீட்டுக்காரர் கேரளாவில் கட்டட வேலை. ஒரே மகள் சேலத்தில் நர்சிங் படித்தாள். மில்லை அக்கா தனியாகத்தான் ஓட்டினாள்.

முதல் நாளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவளுடைய இடது கை வலது கையைவிடத் தடிமனாக இருந்தது, தோளிலிருந்து விரல்வரை. நான் சும்மா இருப்பேனா?

“இன்னாக்கா, ஒரு கைக்கு மட்டும் ஜிம்முக்குப் போறியா?”

“ஆமாண்டா. ஒரு கைக்குத்தான் பீஸ் கட்டுனேன்” என்றாள் அக்கா. மெஷின் இரைச்சலில் கேட்கட்டும் என்று அடுத்ததைக் கத்திச் சொன்னாள். “புத்து வந்துச்சி! மார்ல! ஒரு பக்கம் எடுத்துட்டாங்க! அக்குள்ள இருந்த கட்டியும் எடுத்தாங்க, அதுல இருந்து கை இப்டி வீங்கிக்கினு கெடக்குது! ஏழு வருசம் ஆவுது!”

மாவுக்கு நின்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு அம்மா மெதுவாக, “அந்த நோயா?” என்றாள்.

“அதுக்குப் பேரு இருக்குது இல்ல, பேரச் சொல்லு. ஒன் பேரச் சொல்லாம ‘அந்தப் பொம்பள’ன்னு நான் கூப்ட்டா உடுவியா?”

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “மூட்டய எறக்குடா டிரைவரு. இந்தக் கைக்கு வெயிட்டு ஆவாது, அதுக்கோசரம்தான் ஒன்ன வரச் சொன்னது” என்றாள். அன்றிலிருந்து மூட்டை இறக்குவதும் என் வேலை ஆயிற்று.

மில்லின் கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் சில சொற்கள் எழுதியிருக்கும். யார் மாவு இன்னும் வாங்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் படித்துப் பார்த்தேன். இருமல். முதுகு. வலது முட்டி. தலைசுத்தல்.

“யாருக்கா இது ‘முதுகு’? புது கஸ்டமரா?”

“செவ்வாக்கெழம பாக்க வேண்டிய ஆளு.”

“தலைசுத்தலு?”

“அவரும் செவ்வாக்கெழமதான்.”

இதுதான் மில்லக்கா. அவளிடம் எதை எடுத்துப் போனாலும் கடைசியில் இந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் வந்து முட்டும். செவ்வாய்க்கிழமை மில் லீவு. பயப்படுவதற்கு அவள் ஒதுக்கி வைத்த நாளும் அதுதான். மற்ற ஆறு நாளில் எங்காவது வலித்தால், குத்தினால், இருமினால், கையை உதறிவிட்டுப் போய்க் கதவில் ஒரு சொல் எழுதுவாள். திரும்பி வந்து சல்லடையைப் பிடிப்பாள். செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டூலைப் போட்டுக் கதவின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பாதி தானாகப் போயிருக்கும், அதை அழிப்பாள். போகாததை அப்படியே விடுவாள். ஒரே சொல் மூன்று செவ்வாய் நின்றால் மறுநாள் புதன்கிழமையே டாக்டர்.

“இதெல்லாம் யாருக்கா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது? மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலயா?”

“அங்க மருந்து குடுத்தாங்க, வூட்டுக்குப் போன்னு உட்டாங்க. வூட்டுக்கு வந்தப்புறம் இன்னா பண்றதுன்னு எவன் சொன்னான்?” என்றவள், மிளகாய் மெஷினைக் காட்டினாள். “மொத ரெண்டு வருசம் எந்நேரமும் அதே நெனப்புடா. தும்முனா அதுதான். பல்லு வலிச்சா அதுதான். ஒரு நாளு யாரோ கொண்டாந்த மொளகாய, நெனப்புல கேவுரு மெஷின்ல கொட்டிட்டேன். அப்பாலிக்கா வந்தவங்க எல்லாருக்கும் கேவுரு மாவு காரமாப் போச்சி. ஒரு பொம்பள கொழந்தைக்குக் கூழு காச்சிக் குடுத்துட்டு, அது கத்துன கத்துல என்ன அடிக்கவே வந்துட்டா. அன்னைக்குத்தான் தோணுச்சி. மொளகாய்க்குன்னு தனி மெஷின் இருக்குது இல்ல? அதுல போட்டு அரைக்க வேண்டியத அதுலதான் போடணும்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவளோடு பழகிப் பார்த்தால்தான் அதில் உள்ள கஷ்டம் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை விவரம் தெரியாமல் போய்விட்டேன். மலையிலிருந்து வந்த சாமை நனைந்திருந்தது, உடனே காய வைக்க இடம் வேண்டும். அரைக் கதவு திறந்திருந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை, மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

“வாடா. ஒக்காரு. இங்க கைய வெய்யி, முதுவுல. எலும்பு தூக்கிக்கினு இருக்குதா?”

“எல்லாருக்கும் எலும்பு அங்கதான்க்கா இருக்கும்.”

“நான் செத்துட்டா இந்த மூணு மெஷினும் யாருக்குடா?”

“எனக்கு.”

“தூ. பொண்ணு கல்யாணத்துக்கு நான் இருப்பனா?”

“மாப்புள மொகத்தப் பாத்துட்டு இருக்கறதா போறதான்னு முடிவு பண்ணு.”

சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசினாள். சாவு, மகள், வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொள்வாரா, செய்தால் அவள் சமைக்கத் தெரிந்தவளாக இருப்பாளா, எல்லாம். என் சாமை வெளியே நனைந்தபடியே கிடந்தது. திடீரென்று எழுந்து முகம் கழுவினாள். சாக்பீஸில் இரண்டு சொல்லை அழித்தாள். தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

“முடிஞ்சிது. நீ போ.”

அவளுக்கு முடிந்தது, எனக்கு எங்கே முடிந்தது? மறுநாள் வண்டி ஓட்டும்போதெல்லாம் அந்த முதுகெலும்பே ஞாபகம். நேராக மில்லுக்குப் போய், “அக்கா, முதுவு எப்டி இருக்குது?” என்றேன்.

“இன்னைக்கு இன்னா கெழம?”

“புதன்.”

“அப்ப முதுவப் பத்தி எதுக்குப் பேசறே? போய் மூட்டய எறக்கு.”

இப்படி ஒருத்தியோடு எப்படிப் பழகுவது, சொல்லுங்கள். நம் தலையில் மிளகாயைக் கொட்டிவிட்டு அவள் பாட்டுக்கு நாஸ்டா சாப்பிடுவாள்.

எனக்கு வரும் கவலையையும் விடமாட்டாள். பெண் பார்த்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுப் போனால், “செவ்வாக்கெழம வந்து சொல்லு, சேந்து அழுவலாம்” என்பாள். சரி, இவளுக்கு எல்லாமே செவ்வாய்தான் என்று நினைத்து ஒருமுறை, “மலை எறங்கும்போது பிரேக்கு சரியாப் புடிக்கலக்கா. அதையும் செவ்வாக்கெழம பாத்துக்கலாமா?” என்று கிண்டல் செய்தேன். சல்லடையாலேயே அடிக்க வந்தாள்.

“பிரேக்கு இன்னா பயமா? அது வேலைடா! இப்பவே போய்ப் பாரு. வேலைக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?”

சாமை இந்த வருஷம் எப்படி விளைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று ஒருமுறை என் வண்டியிலேயே வெள்ளிமலைக்கு வந்தாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும், “ஹாரன் அடிச்சியா? அடிச்சியா?” என்று என் காதைத் தின்றாள். மேலே நான் வழக்கமாகச் சாமை எடுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருந்தாள். கையைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அக்கா வழக்கம்போல, “புத்து வந்துச்சி” என்றாள்.

அந்த அம்மா உடனே, “எங்க? வூட்டுக்குள்ளயா? செவுத்த ஒட்டியா? கலைச்சிடாத. பால் ஊத்துனியா?” என்றாள். அவள் கேட்டது கரையான் புற்றை. ஆடி மாதத்தில் மஞ்சள் பூசிப் பால் ஊற்றுவார்களே, அந்தப் புற்றை.

நான் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டிக்குப் பின்னால் போனேன். அக்கா கொஞ்சமும் அசையவில்லை. “என் ஒடம்புலயே வந்துச்சிம்மா. பால் ஊத்தல. ஊசி போட்டு மருந்துதான் ஊத்துனாங்க, ஆறு வாட்டி.”

அந்த அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “உள்ள இருந்த பாம்பு போயிட்டுதா?” என்று கேட்டாள்.

“போயிட்டுதுன்னுதான் சொன்னாங்க.”

“நீ இன்னா நெனைக்கிறே?”

“நான் செவ்வாக்கெழமதான் நெனைப்பேன். இன்னைக்கு சாமயக் காட்டு.”

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. இறங்கும்போது அக்கா வழி முழுக்கத் தூங்கினாள். அவள் தூங்கியதால் ஹாரனை நான் பாதிதான் அடித்தேன்.

அதற்குப் பிந்தைய மழைக்காலத்தில் கதவில் ஒரு சொல் நின்றது. ‘தழும்பு.’ மார்பு எடுத்த இடத்துத் தழும்பில் பட்டாணி அளவுக்கு ஏதோ கெட்டியாக இருந்திருக்கிறது. முதல் செவ்வாய் அழிக்கவில்லை. இரண்டாவது செவ்வாயும் அழிக்கவில்லை. மூன்றாவது செவ்வாய் நானே போய்ப் பார்த்தேன், அப்படியே இருந்தது. மறுநாள் புதன்கிழமை மில்லைப் பூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். ஊசியால் குத்திச் சதை எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள்.

“பொண்ணுகிட்ட சொன்னியா?”

“அவளுக்குப் பரிட்ச. நீயும் வாய மூடிக்கினு இரு.”

ரிப்போர்ட் டவுனில் ஒரு லேபுக்கு வரும், நீ அந்தப் பக்கம்தானே வருவாய், வாங்கி வா என்றாள். அடுத்த புதன்கிழமை போய் வாங்கினேன். நீட்டுக் கவர், வாயில் ஒரே ஒரு ஸ்டேப்ளர் பின். ஓட்டமாக மில்லுக்குக் கொண்டு வந்து நீட்டினேன். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

“பிரிக்கா!”

“செவ்வாக்கெழம.”

“ஏய், ஆறு நாளுக்கா! ஆறு நாளு எவனாவது இத வெச்சிக்கினு சும்மா இருப்பானா? ஒனக்கு மூள இருக்குதா?”

“நல்லது எழுதியிருந்தா ஆறு நாளுல கெட்டுப் போவாது. கெட்டது எழுதியிருந்தா, ஆறு நாளு மாவு அரைச்சிக்கினு நல்லா இருந்துட்டுப் போறேன். ஒனக்கு இன்னாடா போவுது?”

எனக்கு என்ன போகிறதா? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் சாமி படத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கவர் மூலைதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா மில்லை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் எங்கோ போனாள். பத்து நிமிஷம். நான் கவரை எடுத்தேன். பின்னை நகத்தால் நெம்பினேன்.

முழுக்க இங்கிலீஷ். என் இங்கிலீஷ் எப்படி என்று மேலேயே சொல்லிவிட்டேன். பேர், வயசு தாண்டி முதல் வரியை எழுத்துக் கூட்டினேன். ‘க்நோன் கேஸ்’ என்று இருந்தது. கேஸ் என்றதுமே வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன், நாம் பார்த்த கேஸெல்லாம் போலீஸ் கேஸ்தானே. அடுத்து ஒரு நீளமான சொல். கார்-சி-நோ-மா. ஒவ்வொரு எழுத்தாகப் போனில் அடித்தேன். போன் கொஞ்சமும் யோசிக்காமல் ‘புற்றுநோய்’ என்று காட்டியது.

அதற்குக் கீழே இன்னும் ஒரு பக்கம் இருந்தது. நான் படிக்கவில்லை. பழைய ஓட்டையிலேயே பின்னைச் சொருகி, கவரை இருந்த இடத்தில் வைத்தேன். அக்கா கையில் இரண்டு பஜ்ஜியோடு வந்து, “இந்தா, தின்னு. ஏன் மூஞ்சி பேயறஞ்ச மாரி இருக்குது?” என்றாள். “தூசிக்கா” என்றேன்.

எப்படியும் செவ்வாய் வரை அடக்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். மூட்டைகளை நானே இறக்கி நானே அடுக்கினேன். இளநீர் வாங்கி வந்தேன். உட்கார ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

“ஒக்காருங்கக்கா. நீங்க எதுக்கு நிக்கிறீங்க, நான் பாத்துக்கறேன். இந்தாங்க, இளநீரு குடிங்க.”

அக்கா இளநீரை வாங்கவில்லை. என்னையே பார்த்தாள். மில்லில் அப்போது கூட்டம். தொட்டியில் யாருடைய கோதுமையோ பாதி இறங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டி மெயின் சுவிட்சை அணைத்தாள். பெல்ட் சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது. மில் அந்த நேரத்தில் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

“நாலு வருசமா என்ன நீ, வா, போன்னுதானே பேசறே?”

“ஆமாங்கக்கா.”

“இன்னைக்கு இன்னாடா ‘ங்க’?”

“சும்மாதான்க்கா.”

“பிரிச்சியா?”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். எனக்குப் பொய் வாய்க்கு வரவில்லை. வழக்கமாக வரும்.

“இன்னா எழுதியிருக்குது?”

“புத்துன்னு போட்டிருக்குதுக்கா.”

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். நல்ல கை வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டது. கதவு பக்கம் திரும்பினாள். எழுந்து போய் எழுதுவாள் என்று நினைத்தேன். எழுதவில்லை. எழுதி எந்த நாளுக்குத் தள்ளுவது? உதடு மட்டும் ஏதோ எண்ணுவது போல அசைந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அவள் அழுது பார்த்திருக்கிறேன். அது அவள் கூப்பிட்டு வந்த அழுகை. இது வேறு. மாவு வாங்க வந்த ஒரு பெண் தன் பையை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போனாள். இன்னொருத்தி பின்னாலேயே போனாள்.

என் பக்கம் திரும்பி, “கெழம இன்னாடா?” என்றாள்.

“சனிக்கா.”

“போட்டா புடிச்சி அவளுக்கு அனுப்பு” என்றாள். மகளுக்கு. நான் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தில் நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதி அரைபட்டு நின்ற கோதுமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பெண் அழுதுகொண்டே கத்தினாள்.

“அம்மா! ஒண்ணும் இல்லம்மா! ரெண்டாவது பக்கம் கடைசி வரியப் படிக்கச் சொல்லு! வெறும் தழும்புதான், வேற எதுவும் இல்லன்னு தெளிவாப் போட்டிருக்குது! மேல எழுதியிருக்கறது பழைய கத, ஒனக்கு அப்ப வந்தது! ஏம்மா எங்கிட்ட சொல்லல? யாரு படிச்சது அத? எவன் சொன்னான் ஒனக்கு?”

எவன் என்று அக்கா சொல்லவில்லை. “பரிட்சைக்குப் படி. நான் அப்பால பேசறேன்” என்று வைக்கச் சொன்னாள்.

நான் துள்ளிக் குதித்தேன். “அக்கா! ஒண்ணும் இல்லயாம்க்கா! பொழச்சிட்டோம்!” என்று இளநீரை மறுபடி நீட்டினேன். அக்கா வாங்கிக் கீழே வைத்தாள்.

“எனக்கு எந்தக் காயிதம் எழுதுனாலும் மொத வரி அதுதாண்டா. அது என் இனிஷியல் மாரி. நான் சாவுற வரைக்கும் என் பேருக்குப் பக்கத்துல வரும். பதினோரு வருசமா பதினோரு காயிதம் பாத்திருக்கேன். மேல அப்டித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும்.” மடியில் படிந்த மாவைத் தட்டிவிட்டாள். “நீ சொன்னப்ப எனக்கு அது ஞாபகமே வரல, பாரு. எல்லாம் ஒண்ணாக் கொட்டிப் போச்சி.”

அதற்கு மேல் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், சரியாகப் போயிருக்கும். எழுந்து சுவிட்சைப் போட்டாள். கோதுமை மறுபடி இறங்க ஆரம்பித்தது.

நல்ல ரிப்போர்ட் வந்துவிட்டது, கதை முடிந்தது என்றுதானே யாரும் நினைப்போம்? அதற்குப் பிறகுதான் எனக்குச் சனி பிடித்தது. அக்காவின் செவ்வாய்க்கிழமை போய்விட்டது. கதவில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுதினாலும் நிற்கவில்லையாம், கதவைவிட்டு இறங்கிப் பின்னாலேயே வருகிறதாம். அவள் சொன்னது அப்படித்தான். கேழ்வரகு நேரம், கோதுமை நேரம், திங்கள், வியாழன் என்று கணக்கே இல்லாமல் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குப் போன் வந்தது.

மலையில் வளைவில் திரும்பும்போது போன் அடிக்கும். “டேய், தொண்ட கரகரங்குது.”

“அக்கா, அது மாவு. நீ மாவு மில்லுல இருக்கே.”

“நேத்து இல்லயே.”

“நேத்தும் இருந்துச்சி. நேத்து பதினோரு மணிக்கு இதத்தான் சொன்னே.”

“காலு மரத்துப் போவுதுடா.”

“எழுந்து நட.”

“வெச்சிடாத. ரவ நேரம் பேசிக்கினு இரு.”

வெள்ளிமலையில் டவர் எடுக்காது. ஒரு மணி நேரம் கழித்துக் கீழே வந்தால் ஏழு முறை கூப்பிட்டிருப்பாள். என் போனில் என் அம்மாகூட அத்தனை தடவை கூப்பிட்டதில்லை. “நான் டிரைவரா டாக்டரா?” என்று ஒரு நாள் கத்தியேவிட்டேன். “நீதானடா பிரிச்சே” என்றாள். கோபமாக அல்ல, என் சட்டை நிறம் என்ன என்று சொல்வது மாதிரி சொன்னாள். “சரி, எந்தக் காலு? இடதா, வலதா?” என்று கேட்டேன்.

நாலு மாதம் இப்படிப் போனது. பிறகு போன் குறைந்தது. வாரத்துக்கு இரண்டு, ஒன்று. ஒரு வாரம் வரவே இல்லை. அடுத்த வாரமும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பயந்துபோய், லோடு இல்லாத நாளில் மில்லுக்கு ஓடினேன். அக்கா சல்லடையைத் தட்டிக்கொண்டு, புருவமெல்லாம் மாவாக, யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சாக்பீஸில் இரண்டு சொல். முட்டி. ஏப்பம்.

“அக்கா! திரும்பப் புடிச்சிட்டியா? செவ்வாக்கெழமயா?”

“செவ்வா இல்ல. அது போனது போனதுதான்.”

“பின்ன எந்தக் கெழம?”

அக்கா மிளகாய் மெஷினின் தொட்டியைத் துடைத்துக்கொண்டே, “ஒங்கிட்ட சொல்லமாட்டேன்” என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. திங்கள் போய்ப் பார்த்தேன், மில் ஓடியது, சிரித்தாள். புதன் போனேன், சிரித்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு. செவ்வாய்க்கிழமைகூட இப்போது மில் லீவு விடுவதில்லை. எந்த நாளில் எந்த நேரத்தில் உட்கார்ந்து அழுகிறாள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், இளநீர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். குடித்துவிட்டு, “மூட்டய எறக்கு” என்றாள். இந்த நெஞ்சழுத்தத்தை வேறு எவளிடமாவது பார்த்திருக்கிறீர்களா?

அதற்கு அடுத்த வருஷம் குட்டியானையை விற்றுவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேன் ஓட்ட வந்துவிட்டேன். அக்கா இப்போதும் மில் ஓட்டுகிறாள் என்று மணி சொல்வான். என்னிடம் அவள் நம்பர் இருக்கிறது. ஒரு நாள் கூப்பிட்டு, எந்தக் கிழமை என்று எப்படியாவது பிடுங்கிவிட வேண்டும்.

இதுவரை எழுதியதைப் போட்டோ பிடித்து மணிக்கு அனுப்பினேன். எப்படி இருக்கிறது, ஆள் கண்ணுக்குத் தெரிகிறாளா என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து ஒரே வரி வந்தது:

“எல்லாம் எழுதியிருக்கே, அக்காகிட்ட ஒரு வாட்டியாவது மன்னிப்பு கேட்டியாடா?”